ஒருமனதாக மூடிய குளியலறை

பூட்டு புதுசு. கடையிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகவில்லை. சைரன் அக்கா அதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு கதவை உள்ளங்கையால் அறைந்தாள். பிறகு காலால் உதைத்தாள்.

"வெளிய பூட்டியிருக்கு. உள்ள யாரும்மா இருப்பா?" என்றார் பின்னால் நின்ற மூட்டை அண்ணன்.

"எனக்கும் கண்ணு தெரியுதுண்ணே. உதைக்கணும்போல இருந்துச்சு, உதைச்சேன்."

இருவரும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். அவள் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். கலவை சுமந்து சுமந்து கழுத்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கலவை இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே நின்று அவள் கூப்பிட்டால் மேல்மாடியில் பூசிக்கொண்டிருக்கிற கொத்தனார் திரும்பிப் பார்ப்பார். அதனால் சைரன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சில நேரம் சட்டென்று வாயில் வராது. அவர் சிமெண்டுக் கிடங்கில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். ஆகவே மூட்டை. இரண்டு பேருக்கும் வீடு கிடையாது. பகலெல்லாம் ஊரார் வீட்டுக்குச் சுவர் எழுப்புவது, பொழுது சாய்ந்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற இரவுத் தங்கலில் ஒரு படுக்கைக்காக வரிசையில் நிற்பது. பிழைப்பு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சிமெண்டைக் கையால் தொடாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் தூசி இல்லை. வியர்வையில் ஊறினால் தோலைத் தின்னும். விரலிடுக்கு, பிடரி, அக்குள், இடுப்பில் துணி இறுகுகிற இடம் என்று தேடிப்பிடித்துத் தின்னும். அன்றன்றைக்குத் தண்ணீர் ஊற்றித் தள்ளாவிட்டால் மறுநாள் அந்த இடத்தில் தோல் இருக்காது, சிவப்பாகச் சதைதான் இருக்கும். தங்கலின் காவலாளிக்கும் சிமெண்டைத் தெரியும், ஆனால் வேறு விதமாக. சிமெண்டோடு வருகிறவனை உள்ளே விட்டால் விரிப்பு பாழாகும், மேலிடத்தில் திட்டு விழும். அதனால் வாசலில் நிறுத்திக் கையைத் திருப்பிக் காட்டச் சொல்வான். ரேகையில் வெள்ளை தெரிந்தால், போ என்று கண்ணைக் காட்டிவிடுவான். குளியல் இல்லையென்றால் தோலும் போச்சு, படுக்கையும் போச்சு.

குளியல் கிடைத்த இடம் இதுதான். 'கூடம்' என்று பெயர். அந்தப் பேட்டை ஆட்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். முன்பக்கம் பெரிய அறை. மாடியில் படம் வரைகிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள் உட்கார நாலு சின்ன அறைகள். பின்பக்கம் தெருவில் படுக்கிறவர்களுக்கென்று இரண்டு குழாய், ஒரு வெந்நீர்த் தொட்டி, துணி துவைக்க ஒரு கல். இங்கே எந்த முடிவானாலும் கை தூக்கித்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. இந்த வாசலைத் தாண்டி வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கை. மாடியில் வரைகிறவருக்கும் ஒரு கை, பின்னால் குளிக்கிறவருக்கும் ஒரு கை. வாசல் கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூடக் கை எண்ணித்தான் முடிவு செய்தார்கள். சைரன் அன்றைக்கு நீலத்துக்குக் கை தூக்கினாள். அது ஜெயித்தது. பிறந்ததிலிருந்து அவள் கை எதையெல்லாமோ தூக்கியிருக்கிறது. அந்தக் கையை ஒருத்தர் விரலை நீட்டி எண்ணியது அன்றைக்குத்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தங்கல் வரிசையில் யாராவது அரசியல் பேசினால், "எங்க கூடத்துல அப்படியெல்லாம் கிடையாதுப்பா" என்பாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் இறங்கி வந்தாள். மெலிந்த பெண். கோபமே வராத குரல். யாராவது மேடம் என்று கூப்பிட்டால், "மேடம் வேண்டாம், நாமெல்லாம் சமம்" என்பாள். அதனால் பின்கட்டில் அவளுக்கு 'வேண்டாம் மேடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அக்கா! நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லுங்க மேடம். பூட்டு சொல்லிட்டுது. நீங்களும் உங்க பங்குக்குச் சொல்லுங்க."

"போன வாரக் கூட்டத்துல முடிவாச்சுக்கா. இந்த இடத்தை ஓவியக்கூடமா மாத்துறோம். நம்ம ஓவியர் உங்க எல்லாரையும் வரைஞ்சிருக்காரு இல்ல? குளிக்கக் காத்திருக்கிறப்ப வரைஞ்ச படங்கள். அந்தப் படங்களுக்கு இதுதான் பொருத்தமான இடம்னு எல்லாரும் உணர்ந்தோம். உங்க கதையை ஊர் பார்க்கணும்."

"குளிக்கக் காத்திருக்கிற படத்தைக் குளிக்கிற இடத்துல மாட்டப் போறீங்க. நாங்க எங்க குளிக்கிறது?"

"குளியல் வண்டி ஒண்ணு ஏற்பாடு பண்ணலாம்னு பேசிட்டிருக்கோம். வாரத்துக்கு ரெண்டு தடவை வரும்."

"எப்ப வரும்?"

"அது பேச்சுவார்த்தையில இருக்கு."

மூட்டை அண்ணன் பிடரியைச் சொறிந்துகொண்டு கேட்டார், "பேச்சுவார்த்தையில சோப்பு போட்டுக்கலாமாம்மா?"

வேண்டாம் மேடம் சிரித்தாள். அவர் கேலி செய்வது புரிந்தும் சிரித்தாளா, புரியாமல் சிரித்தாளா என்று தெரியவில்லை. 

"யாரு மேடம் கை தூக்கினது?"

"எல்லாரும்தான். ஒருமனதா முடிவாச்சுக்கா. எதிர்த்து ஒரு கைகூட இல்ல."

"எத்தனை மணிக்குக் கூட்டம்?"

"ஆறரைக்கு. முன்னல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நடந்துச்சு, வேலைக்குப் போறவங்களுக்கு ஓய்வு வேணும்னு வெள்ளிக்கிழமை சாயங்காலமா மாத்தினோம். அதையும் கை தூக்கித்தான்..."

ஆறரை. தங்கல் வரிசையில் நிற்கிற நேரம். ஏழு மணிக்குக் காவலாளி இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவான். அதற்கப்புறம் மகராசனே வந்து தட்டினாலும் திறக்க மாட்டான். பின்கட்டில் குளிக்கிற அத்தனை பேரும் அந்த நேரத்தில் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் நிற்பார்கள் என்பது இந்தக் கூடத்தில் பல்லிக்குக்கூடத் தெரியும்.

"நாங்க அந்நேரம் எங்க இருப்போம்னு தெரியுமா மேடம் உங்களுக்கு?"

வேண்டாம் மேடத்தின் முகத்தில் அப்போதுதான் ஏதோ ஓடியது. தெரியும். தெரிந்ததுதான். தெரிந்ததை நினைக்காமல் விட்டிருக்கிறாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஒருத்தரும் நினைக்கவில்லை.

"அது... அந்த மாதிரி யோசிக்கல. ஆனா இதுக்கெல்லாம் வழி இருக்குக்கா. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்க, விஷயத்தை எழுப்புங்க. பங்கேற்புன்னா அதுதானே."

"அதுவும் ஆறரையா?"

"அறை அந்நேரம்தான் காலியா இருக்கு. நடன வகுப்பு ஆறு மணி வரைக்கும்."

போகும்போது சைரன் படியடியில் ஓவியனைப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் எப்போதும் ஒரு குழாய் மாதிரி சுருட்டிய தாள். ஆறேழு மாதமாகப் பின்கட்டில் அவர்களோடு குந்தி வரைந்தவன். அவள் கையை மட்டும் பத்து தடவையாவது வரைந்திருப்பான். குளிக்க நிற்கிற வரிசையில் அவனுக்காகத் திரும்பி, நிமிர்ந்து, தாடையைத் தூக்கி என்று அவன் சொன்னபடியெல்லாம் நின்றிருக்கிறாள்.

"நீயும் தூக்கினியா தம்பி?"

"தூக்கினேன்க்கா."

மறுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கூடத்தை விட்டு நடந்தாள்.

அடுத்த நாட்கள் நாய் பட்ட பாடு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. இரண்டு நாள் அங்கே கை கால் கழுவினார்கள். மூன்றாம் நாள் பணிமனைக்காரன் குழாயின் தலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். கட்டட இடத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. சுவருக்கு ஊற்றுகிற தண்ணீர் அது. சுற்றிலும் ஆண்கள். அங்கே ஒரு பொம்பளையால் எப்படிக் குளிக்க முடியும்? முகத்தையும் முழங்கையையும் கழுவிக்கொண்டு வந்தாள். சேலைக்குள் அடைந்த கலவை இடுப்பைச் சுற்றி அரித்தது. மூட்டை அண்ணனுக்கு அதுவும் இல்லை. கிடங்கில் குடிக்கவே தண்ணீர் அளந்து ஊற்றுவார்கள். புதன்கிழமை காவலாளி அவர் கையைப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரை விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினான்.

"பத்து வருஷமா வர்றேன்டா."

"பத்து வருஷமா குளிச்சிட்டு வந்தீங்க பெரியவரே. இன்னிக்கு நீங்க வந்தா நாளைக்கு எல்லாரும் இப்படியே வருவாங்க. என் வேலை போயிடும்."

வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் தன் கையையும் ரெண்டாவது தடவை பார்ப்பான் என்று எல்லாருக்கும் பயம். சைரனும் திறக்கவில்லை. இடுப்பு அரிப்பைச் சொறியாமல் அடக்கிக்கொண்டு, கழுவின கையைக் காட்டி உள்ளே போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. ஊரைக் கூப்பிடுகிற குரலை வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றோமே என்று தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை வரிசையில் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு யாரும் இங்க நிக்கக் கூடாது. எல்லாரும் கூடத்துக்கு வர்றோம். கை தூக்குறோம். நம்ம ஆளுங்க எண்ணிக்கை அவங்களை விட ஜாஸ்தி."

"படுக்கை?" என்றாள் முன்னால் நின்ற குப்பை பொறுக்குகிறவள்.

"நாளைக்கு ஒரு நாள் போகும்."

"உனக்கென்னம்மா, சுலபமாச் சொல்லிட்ட. மழை வர்ற மாதிரி இருக்கு. என் இருமலுக்கு யாரு கை தூக்குவா?"

"ஒரு நாள் போனா ஒரு நாள்தான். குளியல் போனா தினமும் போகும். நேத்து அண்ணன் போனாரு. இன்னிக்கு உன் கழுத்தைக் காட்டு பார்ப்போம். காட்டுடி!"

குப்பை பொறுக்குகிறவள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த மேடங்களை நம்பி நடந்தா நடுத்தெருவுலதான் நிக்கணும்," என்றான் கை வண்டி இழுக்கிறவன்.

"இப்ப எங்கடா நிக்கிற? மாடியிலயா?"

வரிசை சிரித்தது. பாதிப் பேர் வருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்களைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அதற்கும் சேர்த்து அவள் கோபம் எல்லாம் நீலக் கதவின் பக்கமே திரும்பியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, சிமெண்டு கரைந்து கோடு கோடாக வழிய, அவர்கள் கூடத்தின் முன்னறைக்குள் நுழைந்தபோது, வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகள் போதவில்லை. வேண்டாம் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு பேர்! இதுதான் நாங்க கனவு கண்டது," என்றாள். நாற்காலியில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். நடன டீச்சர். பின்கட்டை ஒட்டி வீடு இருக்கிற, காலையில் முகம் கழுவ வந்து சைரன் பேசினால் தன் தூக்கம் கெடுகிறதென்று முன்பே புகார் சொன்ன மாடிவீட்டு சார். ஓவியன். இன்னும் சில எழுதுகிற, பாடுகிற முகங்கள். ஈர ஆட்கள் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வழக்கம்போல முதல்ல ஒரு சுற்று," என்றாள் வேண்டாம் மேடம். "இப்ப உங்க மனசு எப்படி இருக்குன்னு ஒரே ஒரு சொல்லுல சொல்லணும். அவசரமே இல்ல. நல்லா உள்ள பார்த்துச் சொல்லுங்க."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு "நன்றி" என்றாள். மாடிவீட்டு சார் "நம்பிக்கை" என்றார். ஓவியன் "தெரியல" என்றான். பாட்டு எழுதுகிறவர் ஒரு சொல் கிடைக்காமல் வெகுநேரம் கூரையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது எழுந்து ஓடினால்கூடத் தங்கலைப் பிடித்துவிடலாம். தரையில் இருந்தவர்கள் கடிகாரத்தையும் சைரனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணே, உங்க சொல்?"

"அரிக்குது," என்றார் மூட்டை அண்ணன்.

"அக்கா?"

"ஏழு மணி."

"அது ரெண்டு சொல்லாச்சே அக்கா," என்று வேண்டாம் மேடம் செல்லமாகச் சிரித்தாள்.

"ஒரே சொல்லா வேணுமா? வயித்தெரிச்சல். எழுதிக்குங்க. இந்நேரம் அவன் கதவைச் சாத்திட்டான். இங்க இருக்கிற எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் இன்னிக்குப் படுக்கை கிடையாது. உங்க சொல்லு விளையாட்டுக்கு நாங்க கட்டின கட்டணம் அது. இப்ப கையை எண்ணுங்க. குளியலறை வேணுங்கிறவங்க தூக்குங்கப்பா!"

சுவர் ஓரம் முழுக்கக் கைகள் எழுந்தன. வெள்ளை பூத்த, வெடித்த, இரண்டு விரல் இல்லாத, கட்டுப் போட்ட கைகள். எண்ணவே வேண்டாம். குருடனும் சொல்லிவிடுவான்.

வேண்டாம் மேடம் எண்ணவில்லை. மாடிவீட்டு சாரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு, முன்னால் குனிந்து, இன்னும் மெல்லிய குரலில் பேசினாள்.

"கையை எண்ணுறது ஒரு விதத்துல வன்முறை அக்கா. ஜெயிச்சவங்க, தோத்தவங்கன்னு நம்மைப் பிரிச்சிடும். இது உணர்ச்சிகரமான விஷயம். இதுல நாம ஒருமித்த கருத்துக்கு வரணும். இந்த அறையில இருக்கிற எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் பேசுவோம். ஒருத்தர் வேண்டாம்னாலும் முடிவு இல்ல. அதுதான் ஆரோக்கியம்."

சைரன் எழுந்தாள். எழுந்ததும் முன்வரிசை நாற்காலிகள் தன்னாலே கொஞ்சம் பின்னால் நகர்ந்தன.

"எங்க கை இல்லாதப்ப எண்ணுனீங்க. இருக்கிறப்ப எண்ண மாட்டேங்கிறீங்க. போன வாரம் எண்ணினது வன்முறை இல்லையா? எங்க தோலு உரிஞ்சது ஆரோக்கியமா? நீலக் கதவுக்கு என் கை வேணும். குழாய்க்கு என் கை வேணாம். என் தலையில மிளகா அரைக்கிறதுன்னா நேரா அரைங்க மேடம். இப்படித் தடவித் தடவி அரைக்காதீங்க."

"குரலைத் தாழ்த்திப் பேசலாமே," என்றார் மாடிவீட்டு சார்.

"இதுதான் சார் என் தாழ்ந்த குரல்."

கை வண்டிக்காரன் எழுந்துவிட்டான். "நான்தான் நேத்தே சொன்னேனே. வாங்கப்பா போகலாம். கடை வாசல்ல இடமாவது பிடிக்கலாம்." நாலைந்து பேர் அவனோடு முட்டியில் கையை ஊன்றி எழுந்தார்கள். சைரனும் போகத்தான் திரும்பினாள். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகிற ஆத்திரம். கைப்பிடியில் கை வைத்தபோது வெளியே மழை கொட்டுவது தெரிந்தது. போய் எங்கே நிற்பது என்ற கேள்வி வந்தது. எங்கேயும் இல்லை என்பதே பதில். நின்றாள்.

"மேடம். எல்லாரும்னா யாரு?"

"இந்த அறையில இருக்கிற எல்லாரும்."

"நடுவுல எழுந்து போறவங்க?"

"போறவங்க தங்களோட கருத்தை விட்டுக்கொடுத்ததா எடுத்துக்குவோம். எப்பவும் அப்படித்தான்."

சைரன் கைப்பிடியை விட்டாள். திரும்பி வந்து, அறையின் நடுவில், வட்டத்துக்குள்ளே, ஈரச் சேலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்கப்பா எல்லாரும். நமக்குப் போறதுக்கு எந்த இடமும் இல்ல. இவங்களுக்கு இருக்கு. பேசுவோம். எல்லாரும் சரின்னு சொல்ற வரைக்கும் பேசுவோம். மேடம் சொன்ன மாதிரி, அவசரமே இல்ல."

முதலில் புரிந்துகொண்டது மூட்டை அண்ணன்தான். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினார். பிறகு வரிசையாக எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

பேசினார்கள். மாடிவீட்டு சார் சுத்தம் பற்றிப் பேசினார், பேட்டையின் மதிப்பு பற்றிப் பேசினார். குப்பை பொறுக்குகிறவள் அவர் வீட்டுக் குப்பையில் என்னென்ன வரும் என்று பேச ஆரம்பித்தாள். அவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார். "ஏன் படத்தை இந்த முன்னறையில மாட்டக் கூடாது? நாலு சுவரு சும்மாதானே கிடக்கு?" என்று கை வண்டிக்காரன் கேட்டபோது டீச்சர் சொன்னாள், "வகுப்புல குழந்தைங்க கவனம் சிதறும்."

"ஏன், என் மூஞ்சியைப் பார்த்தா குழந்தைங்களுக்குக் காலு வராதா?" என்றாள் சைரன்.

டீச்சருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு தடவை அணைத்தாள். இரண்டாம் தடவை எடுத்து வாயைப் பொத்திப் பேசினாள். மூன்றாம் தடவை பையை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் குடையைத் தேடினாள். "போயிட்டு வாங்கம்மா, வழி ஈரமா இருக்கு, பார்த்து," என்று மூட்டை அண்ணன் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். அவளுக்குப் பிறகு பாட்டு எழுதுகிறவர், அவரோடு மற்ற எழுதுகிற, பாடுகிற முகங்களும். மாடிவீட்டு சார் வீம்பாக இருந்து பார்த்தார். அவர் மனைவியே வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டு மாத்திரை போடணுமா இல்லையா? அங்க என்ன ஊர் பஞ்சாயத்து?" என்று கத்திய பிறகு எழுந்தார். அந்த அம்மாளின் குரலும் ஒன்றும் தாழ்ந்த குரல் இல்லை.

எட்டரை வாக்கில் நாற்காலியில் இருந்தது இரண்டே பேர். வேண்டாம் மேடம். ஓவியன்.

"நீ போகலையா தம்பி?" என்றாள் சைரன்.

"போக மாட்டேன்." "நான் வேண்டாம்னுதான் சொல்வேன். எனக்கும் சுவர் வேணும்க்கா. பேனர் கடையில நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து கண்டவன் கன்னத்தைச் சிவப்பாக்கி, கண்டவன் தொப்பையை வெட்டிட்டு வர்றேன். இந்தப் படங்கதான் நான் எனக்காக வரைஞ்சது. இதை மாட்ட ஊர்ல ஒரு இடம் கிடையாது. நானா உங்க குழாயைக் கேட்டேன்? இந்த அறையைத்தான் கேட்டேன். வகுப்பு வாடகை போயிடும், பின்கட்டை எடுத்துக்கோன்னாங்க. அங்க இருந்து கேட்க ஆள் இல்லைன்னு இவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கினேன். போதுமா?"



"போதாது," என்றாள் சைரன். "ஆறு மாசம் என் கையை வரைஞ்சியே, அது எதனால அப்படி இருக்குன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? அண்ணே, சட்டையைக் கழட்டுங்க."

மூட்டை அண்ணன் தயங்கினார். பிறகு கழற்றித் திரும்பினார். பிடரியிலிருந்து தோள்பட்டை வரைக்கும் தோல் இல்லை. மழைத் தண்ணீர் பட்ட இடம் வெளுத்து, விளிம்பு சிவந்து, நீர் கோத்து நின்றது. ஓவியன் பார்த்தான். அவன் விரல்கள் பழக்கத்தில் பைக்குள் பென்சிலைத் தேடிப் போயின. சைரன் அதைப் பார்த்துவிட்டாள்.

"எடுத்தா விரலை ஒடிச்சிடுவேன்."

அவன் கையை வெளியே எடுத்தான். காலியாக. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி," என்றான். "குளியலறை அங்கயே இருக்கட்டும்." பிறகு வேண்டாம் மேடத்தின் பக்கம் திரும்பினான். "டீச்சர் போயிட்டாங்க இல்ல? அப்ப இந்தச் சுவரைப் பத்தியும் கேட்கலாம் இல்ல?"

"அது உன் சண்டை," என்றாள் சைரன். "அதை நீ போடு. நாங்க குளிச்சிட்டு வந்து கை தூக்கணுமான்னு யோசிக்கிறோம்."

எல்லாரும் வேண்டாம் மேடத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும்தான் பாக்கி. கண் கலங்கியிருந்தது. "நான் கெட்டவ இல்லக்கா," என்றாள்.

"யாரு சொன்னா? நல்லவங்க கூட்டம் போட்டுத்தான் எங்க குழாயைப் பூட்டினீங்க. கெட்டவனா இருந்திருந்தா நேத்தே மண்டையை உடைச்சுத் திறந்திருப்போம். சரியா இல்லையா, சொல்லுங்க மேடம்."

"சரி," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"கேக்கல!"

"சரி!"

சாவியை அவள் கையிலிருந்து சைரனே வாங்கிக்கொண்டாள். பின்கட்டில் ஒரு குழாயை ஏற்கெனவே பிடுங்கி ஓட்டையில் மரக்கட்டை அடித்திருந்தார்கள். வெந்நீர்த் தொட்டி போன இடம் தெரியவில்லை. துவைகல்லின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு டப்பாக்கள். மிச்சமிருந்த குழாயைத் திருகியதும் காற்றைக் கக்கி, துருவைக் கக்கி, பிறகு தண்ணீர் விழுந்தது. மூட்டை அண்ணனை முதலில் உள்ளே தள்ளினார்கள். சில்லென்ற தண்ணீர் பிடரியில் பட்டதும் அவர் போட்ட அலறலும், அதைத் தொடர்ந்து வந்த வசவும் மாடிவீடு வரைக்கும் கேட்டிருக்கும். வெளியே அடுத்தது யார் என்று குப்பை பொறுக்குகிறவளும் கை வண்டிக்காரனும் சண்டை போட்டார்கள். பொம்பளைங்க முன்னால என்று அவள், இருமுறவங்க கடைசியில என்று அவன்.

சைரன் குளிக்கவில்லை. முன்னறைக்குத் திரும்பி வந்தாள். வேண்டாம் மேடம் தோளில் பையை மாட்டிக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள்.

"குளிச்சதும் எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்கக்கா. உள்ள யாரும் தங்கக் கூடாது, அது விதி. நான் பூட்டணும். இப்பவாவது உங்களுக்குத் திருப்திதானே?"

"திருப்தியா?" சைரன் அணைந்த விளக்கின் சுவிட்சைத் தட்டி மறுபடி எரிய விட்டாள். "எங்கிட்ட இருந்ததை எங்கிட்டயே கொடுத்ததுக்குத் திருப்தியா? அதுக்கு இத்தனை பேரோட படுக்கையைக் கொடுத்துட்டு நிக்கிறோம். பையைக் கீழ வைங்க மேடம்."

"ஏன்க்கா?"

"கூட்டம் இன்னும் முடியல. இன்னிக்கு ராத்திரி நாங்க எங்க படுக்கிறதுன்னு ஒண்ணு பாக்கி இருக்கு." நாற்காலி ஒன்றை இழுத்து அவளுக்கு எதிரில் போட்டு, இந்தத் தடவை தரையில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "உக்காருங்க. பேசலாம்."